அரைச்சுற்று

கல்யாண வீட்டில் சமையல்காரரைக் கவனிப்பார்கள், மேளக்காரரைக் கவனிப்பார்கள், போட்டோ எடுக்கிறவருக்குக்கூட முதல் பந்தியில் இலை போடுவார்கள். ஜெனரேட்டர்காரன் என்று ஒருவன் மண்டபத்துக்குப் பின்னால் புகைக்குள் உட்கார்ந்திருப்பது, விளக்கு அணைந்தால்தான் ஊருக்கு ஞாபகம் வரும். அப்போது மட்டும் என் பெயர் எல்லாருக்கும் அத்துப்படி. "காளிராஜ் எங்கய்யா? எங்க போய்த் தொலைஞ்சான்?" இருபது வருடமாக இந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஜெனரேட்டரை இறக்கி ஓடவிட்டதும், எஞ்சின் பக்கத்தில் இருக்கும் ரேஸ் திருகை அரைச்சுற்று கூட்டி வைத்துவிடுவேன்.

ரேஸ் கூடினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், வோல்டேஜ் ஏறும். வயர் எவ்வளவு நீளமாகப் போனாலும் கடைசி விளக்கு மங்காது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் வரும்போது அடிவாரம் முழுக்க நான்தான் டியூப்லைட் கட்டுவேன். கோடியில் இருக்கிற லைட்டும் பளிச்சென்று எரியும், எவனும் ஒரு குறை சொன்னதில்லை. எப்போதாவது யாருடைய மைக்செட்டாவது புகைந்துபோனால், "உங்க செட்டு பழசுண்ணே" என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

இந்தப் பழக்கத்தை முகத்துக்கு நேரே ஏசியவன் ஜோயல் ஒருவன்தான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நாங்கள் இருவரும் ஒரே வருடம் எலெக்ட்ரிகல் செக்‌ஷனில் சேர்ந்தவர்கள். எனக்கு ஷிப்டு ஒத்துவரவில்லை, விலகி ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் பந்தல், லைட், ஜெனரேட்டர் என்று தொழில் போட்டுவிட்டேன். அவன் ராஜபாளையத்தில் மில்லிலேயே இருந்தான், வீடும் அங்கேதான். மீட்டர் பார்க்காமல் ஒரு ஸ்விட்சைக்கூடப் போடமாட்டான். என் ஜெனரேட்டர் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டாலே, "ஏலே காளி, நீ கரண்டா குடுக்க? காட்டு மாட்டை அவுத்து விடுத" என்பான். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அவன் அளவுக்கு எனக்கு வேலை தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. மொத்தத் தமிழிலும் ஒரே ஒரு சொல்தான் அவன் வாயில் மிச்சம் இருந்தது. போதும். பசித்தாலும் போதும், வலித்தாலும் போதும், என்னைப் பார்த்துச் சிரித்தாலும் போதும். சில பேருக்கு இப்படி ஒரு சொல் மாட்டிக்கொள்ளுமாம், அதை வைத்து எதையும் அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் மனைவி பிரிஸ்கில்லா பள்ளிக்கூட டீச்சர். அவளும் அப்படியே பழகிக்கொண்டாள்.

பேச்சு போனதைவிட மோசம், அவன் வாழப் பிடிக்காமல் கிடந்ததுதான். சோற்றைக் கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொள்வான். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர் மூன்றாம் வாரம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவனைத் திரும்பவும் எழுப்பி உட்காரவைத்தது மீன். படுப்பதற்கு முன்பே அவன் டிஸ்கஸ் என்கிற மீன் வளர்த்துக்கொண்டிருந்தான். தட்டையாக, தோசைக் கரண்டி அகலத்தில் இருக்கும். வெந்நீரும் இல்லாத பச்சைத்தண்ணீரும் இல்லாத முப்பது டிகிரிச் சூட்டில்தான் அது இருக்கும். அந்தச் சூட்டுக்காக ஒரு ஹீட்டர், தண்ணீரைச் சுத்தம் பண்ண ஒரு ஃபில்டர், காற்றுக்கு ஒரு மோட்டார், ஹீட்டரை ஆள இத்துனூண்டு பெட்டி ஒன்று. பெட்டியில் பச்சை எழுத்தில் டிகிரி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஹீட்டருக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. முப்பது வந்ததும் அதை நிறுத்துவது பெட்டியின் வேலை. அந்தப் பெட்டியை ஜோயல் தன் கையால் செய்து மாட்டியிருந்தான்.

அவன் தொட்டியில் இருந்த ஒரு ஜோடி மீன் இரண்டு முறை முட்டை போட்டும் முட்டை வெளுத்துப்போனது. மூன்றாவது முறை, போன மார்கழியில், குஞ்சு பொரித்தது. டிஸ்கஸ் குஞ்சு வேறு எதையும் தின்னாது. தாய் தகப்பன் உடம்பில் ஊறுகிற பசையைத்தான் தின்னும். கடுகு கடுகாகக் குஞ்சுகள் இரண்டு மீனின் விலாவிலும் ஒட்டிக்கொண்டு மேயும். அதைப் பார்ப்பதற்காக ஜோயல் இடது முழங்கையை ஊன்றி, யாரும் தூக்காமல், தானாக எழுந்து உட்கார்ந்தான். அன்று மூன்று இட்லி தின்றான். பிரிஸ்கில்லா எனக்குப் போன் பண்ணி அழுதாள். "அண்ணாச்சி, இந்தக் குஞ்சுக பொழச்சா அவியளும் பொழச்சுக்கிடுவாக. எனக்கு அம்புட்டுதான் நம்பிக்க."

அந்த வாரம் சனிக்கிழமை பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்டு இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி உயிரை விட்டிருந்தது, புதுசு வர நாலு நாள் ஆகும். மலையிலிருந்து குளிர்காற்று இறங்குகிற மாதம். எட்டு மணி நேரம் ஹீட்டர் நின்றால் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது. பிரிஸ்கில்லா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "என்ன தங்கச்சி இதெல்லாம் கேட்டுக்கிட்டு? நான் வாரேன்" என்றேன். பெருமையாகத்தான் இருந்தது. ஜோயலுக்கே நான் கரண்டு கொடுக்கப் போகிறேன் என்று.

சனிக்கிழமை எட்டரைக்கெல்லாம் போய்விட்டேன். ஜெனரேட்டரை வாசலுக்குப் பக்கவாட்டில், புகை உள்ளே போகாத மாதிரி நிறுத்தினேன். முன்னறையில் ஜோயலின் கட்டில், அதற்கு நேர் எதிரே தொட்டி. தொட்டிக்குக் கீழே இருந்த மர அலமாரியில், கை விளங்கிய காலத்தில் அவன் மார்க்கரால் எழுதிவைத்தது அப்படியே இருந்தது. "ஜெனரேட்டர் ஓடி ஐந்து நிமிடம் நிதானப்படட்டும். மீட்டரில் 230 பார். பிறகு ஒவ்வொன்றாகப் போடு. தொட்டியோடு வேறெதையும் சேர்க்காதே. நிறுத்தும் முன் எல்லாவற்றையும் கழற்று." வாசித்துவிட்டு, "ஆஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணுதவன்கூட இம்புட்டு எழுதி வைக்கமாட்டான்லே" என்று கிண்டல் பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பார்வைக்குப் பயந்தே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். முந்தின நாள் கோயில் விசேஷத்தில் கூட்டிவைத்திருந்த திருகை இறக்கினேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். மீட்டரைக் குத்திப் பார்த்தேன், 231. காற்று மோட்டார், ஃபில்டர், கடைசியில் பெட்டியும் ஹீட்டரும். பச்சை எழுத்து 29.8 என்று காட்டியது. "போதும்" என்றான் ஜோயல், மெதுவாக. எனக்கு அது சர்ட்டிபிகேட் மாதிரி இருந்தது.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் அக்கா வந்து நின்றாள். மாவு அரைத்து விற்கிறவள்.

"தம்பி, அரிசி விடியக்காலமே ஊறப்போட்டது. கரண்டு போற விசயம் எனக்குத் தெரியாமப் போச்சு. சாயங்காலம் வரைக்கும் கெடந்தாப் புளிச்சுப்போகும். செத்த நேரம் ஒரு லைன் குடேன்."

ஒரு தெருவில் ஜெனரேட்டர் ஓடினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு லைன் கொடுப்பது இந்தப் பக்கத்து மரியாதை. மாட்டேன் என்றால், "ஜெனரேட்டர் வச்சிருக்கான்னு என்னா கருமித்தனம்" என்று பத்து வருடத்துக்குப் பேசுவார்கள். பிரிஸ்கில்லாவும், "பாவம் அண்ணாச்சி, அக்கா நமக்கு எம்புட்டோ உதவியிருக்கா" என்றாள். ஜோயலின் பக்கம் நான் திரும்பவில்லை. அலமாரியில் எழுதியிருந்தது எனக்குத் தெரியாததா? ஒரு கிரைண்டர்தானே என்று வயரை இழுத்துக் கொடுத்தேன்.

கிரைண்டர் கல் உருள ஆரம்பித்ததும் எஞ்சின் முக்கியது. உள்ளே காற்று மோட்டார் தொய்ந்தது, ஃபில்டர் முனகியது. "என்ன அண்ணாச்சி?" என்று பிரிஸ்கில்லா பதறினாள். "ஒண்ணுமில்ல, இப்பம் பாரு" என்று வெளியே போனேன். மீட்டர் உள்ளே மேசைமேல் கிடந்தது. அதை எடுக்க எனக்கு முப்பது அடி நடக்க வேண்டும். இருபது வருட அனுபவத்துக்கு எதற்கு மீட்டர்? திருகை அரைச்சுற்று கூட்டினேன். மோட்டார் சத்தம் நேரானது. உள்ளிருந்து, "சரியாயிருச்சு அண்ணாச்சி" என்று குரல் வந்தது. வாசல் திண்டில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மாவு அரைந்து முடிந்திருக்கும். வெள்ளைத்தாய் அக்கா யாரிடமும் சொல்லாமல் கிரைண்டரை நிறுத்தினாள். அவள் ஏன் சொல்ல வேண்டும்? தன் வீட்டு ஸ்விட்சை நிறுத்த யார் உத்தரவு கேட்பார்கள்? இழுத்துக்கொண்டிருந்த சுமை ஒரே நொடியில் விட்டுப்போனதும் எஞ்சின் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. ஓடிப்போய்த் திருகை இறக்கினேன். நாலு நொடி, மிஞ்சிப்போனால் ஐந்து நொடிதான் இருக்கும்.

உள்ளே வந்தேன். ஃபில்டர் ஓடியது. காற்று மோட்டார் ஓடியது. பெட்டியில் பச்சை எழுத்து மட்டும் இல்லை.

"டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு அண்ணாச்சி, பொறவு நம்பர் போயிருச்சு" என்றாள் பிரிஸ்கில்லா.

ஹீட்டரைப் பார்த்தேன். அதன் தலையில் சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஹீட்டர் நின்றுபோவதுதானே பயம்? அது ஓடுகிறதே. "நம்பர்தான் காட்டல தங்கச்சி. ஹீட்டரு ஜம்முனு ஓடுது. திங்கக்கிழம புதுசு வாங்கி மாட்டிருவோம்" என்றேன். வெளியே திருகைக் கூட்டியதையும் இறக்கியதையும் நான் சொல்லவில்லை. கேட்கவும் யாரும் இல்லை.

ஜோயல் அப்போதுதான் ஆரம்பித்தான். "போதும்." முதலில் சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு கட்டில் சட்டத்தை இடது கையால் அடித்துக்கொண்டு, "போதும்! போதும்! போதும்!" கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"சத்தம் தாங்கலயோ? பொகையா?" என்று பிரிஸ்கில்லா ஜன்னலைச் சாத்தினாள். திறந்தாள். தண்ணீர் கொடுத்தாள், தட்டிவிட்டான். கால் அமுக்கினாள். துணி நனைந்திருக்கிறதா என்று பார்த்தாள். அவன் விடவில்லை. "இப்பிடிக் கத்துனா பிரஷர் ஏறிரும் அண்ணாச்சி. இன்னொருக்கா வாதம் வந்தாத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிருக்காக" என்றாள். தொட்டியைப் பார்த்துத்தான் படபடக்கிறான், கொஞ்ச நேரம் பார்க்காமல் இருந்தால் தூங்கிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. கட்டிலைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். நல்ல யோசனை என்றேன். அவள் தலைமாட்டைப் பிடித்தாள், நான் கால்மாட்டைப் பிடித்தேன்.

சுவரைப் பார்த்துக் கிடந்துகொண்டு இன்னும் ஒரு மணி நேரம் சொன்னான். குரல் கம்மிக் கம்மிக் கடைசியில் வெறும் காற்றாக வந்தது. பிறகு ஓய்ந்துவிட்டான்.

ஐந்தரைக்குக் கரண்டு வந்தது. எழுதிவைத்தபடி எல்லாவற்றையும் கழற்றி, ஜெனரேட்டரை நிறுத்தி, லைனில் ஒவ்வொன்றாக மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டியில் விரல் விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. வெதுவெதுப்பாகத்தானே இருக்க வேண்டும்? மீன் இரண்டும் மேல்மட்டத்தில் நின்று வேகவேகமாக வாயை அசைத்துக்கொண்டிருந்தன. "பசி போல, ரெண்டு பேருக்கும்" என்றாள் பிரிஸ்கில்லா. வயரைச் சுருட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. "அண்ணாச்சி, கொஞ்சம் வாங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

கோயிலுக்குப் போகக் கட்டிய வெள்ளைச் சேலையோடு தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஹீட்டரைக் கழற்றிப் போட்டிருந்தாள். தண்ணீரில் கை வைத்தேன். குளிக்க விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது. பெரிய மீன் இரண்டும் நிறம் வெளுத்துச் சாய்ந்து மிதந்தன. குஞ்சுகள் அடியில் மணலோடு மணலாகக் கிடந்தன. பெட்டியைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் திறந்தேன். ஹீட்டரை நிறுத்தி நிறுத்திப் போடுகிற பாய்ண்டு உருகி ஒட்டிப்போயிருந்தது. நேற்று மதியத்திலிருந்து அந்த ஹீட்டர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நான் ஜம்முனு ஓடுது என்று சொன்ன சிவப்பு விளக்கு இதுதான்.

கட்டில் இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் இருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் ஆறிப்போன கஞ்சி. "காலையிலருந்து வாயத் தொறக்கல. மீனு செத்தத நான் சொல்லக்கூட இல்ல. எப்பிடியோ தெரிஞ்சுக்கிட்டாக" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எதுனால அண்ணாச்சி இப்பிடி ஆச்சு?"

வாய் பழக்கப்பட்ட வாய். நான் யோசிக்கவே இல்லை.

"பெட்டி பழசு தங்கச்சி. பாய்ண்டு தேஞ்சு ஒட்டிக்கிடுச்சு. யாரு என்ன செய்ய முடியும்?"

அவள் தலையாட்டினாள். எழுந்து கட்டிலுக்குப் போய், ஜோயலின் நெற்றியைத் தடவிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "நீங்க செஞ்ச பொட்டிதானாம். பழசாயிருச்சாம். போகட்டும், மனசுல வச்சுக்காதீக. மிசினுதான."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவன் கழுத்தை மெல்லத் திருப்பி, அவளைத் தாண்டி என்னைப் பார்த்தான். முப்பது வருடம் மில்லில் அவன் மாட்டிய ஒரு ஸ்விட்சுகூட எரிந்ததில்லை. நான் அவன் காதுக்கு முன்னாலேயே, அவனால் மறுத்து ஒரு சொல் சொல்ல முடியாது என்று தெரிந்தே, அவன் கைவேலையின் மேல் பழியைப் போட்டிருக்கிறேன். அவன் இடது கையைப் போர்வைக்கு மேலே எடுத்தான். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் எதையோ பிடித்து, வலதுபக்கமாக அரைச்சுற்று திருகினான்.

"தண்ணியா? கொழாயத் தொறக்கணுமா?" என்று பிரிஸ்கில்லா டம்ளரை எடுக்கப் போனாள்.

படுத்த இடத்திலிருந்தே எஞ்சின் சத்தத்தை வைத்து எல்லாவற்றையும் அவன் கண்டுபிடித்திருக்கிறான். திருகு ஏறியதும் தெரியும், இறங்கியதும் தெரியும், பெட்டி போனதும் தெரியும். அவள் டம்ளரோடு வரும்போது சொல்லிவிட்டேன். கிரைண்டருக்காக ரேஸைக் கூட்டியது, மீட்டர் பார்க்காதது, சுமை விட்டதும் வோல்டேஜ் எகிறியது, ஓடிப்போய் இறக்கியது, சொல்லாமல் மறைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஏசட்டும் என்று நின்றேன். அவள் என்னை ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவள் டம்ளரை ஸ்டூலில் வைத்தாள். பிறகு, என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாத குரலில் கேட்டாள்.

"அப்பம் நேத்து மத்தியானம் பூராம் அவிய ஹீட்டரத்தான் போதும் போதும்னு சொன்னாகளா?"

இல்லை என்று சொல்ல எனக்கு இன்னொரு பொய் வேண்டியிருந்தது. அது வரவில்லை. "ஆமா" என்றேன்.

"ரெண்டு வருசத்துல நேத்துத்தான் அண்ணாச்சி, சொன்ன சொல்லும் நெனச்சதும் ஒண்ணா வந்துருக்கு அவியளுக்கு. நான் செவரப் பாக்கத் திருப்பிப் போட்டேன்."

சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுத்தாள். மரக்கட்டில், மேலே ஆள் வேறு. கால் தரையில் கிறீச்சிட்டு ஒரு சாண் நகர்ந்து நின்றது. நான் ஓடிப்போய் மறுபக்கம் கை வைத்தேன்.

"நீங்க பிடிக்காதீக" என்றாள். கோபமே இல்லை குரலில்.

கையை எடுத்துவிட்டேன். சாண் சாணாக அவள் ஒருத்தியே இழுத்தாள். கட்டில் முழுக்கத் திரும்பித் தொட்டிக்கு நேராக வந்தபோது ஜோயல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவள் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்து கரண்டியை அவன் உதட்டில் வைத்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் கரண்டியை எடுக்கவும் இல்லை, நான் கிளம்பும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.